பவுனும் டர்போவும், நாலாம் கல்லும்

என் அருளப்பன் அண்ணனுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் நாள் கிடக்கிறது. அன்றைக்கு எப்படியும் உன் கல்லறையில் புல்லைப் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நாலு வார்த்தை பேசத்தான் போகிறேன். அதுவரை பொறுக்க முடியவில்லை அண்ணே. உன்னைத் திட்டுவதா, உன்னிடம் அழுவதா என்று முடிவு பண்ணாமலே எழுத உட்கார்ந்துவிட்டேன். எது முதலில் வருகிறதோ அது வரட்டும்.

திட்டுதான் முதலில் வருகிறது. நீ போய்ச் சேர்ந்ததற்கு அப்புறம் உன் குதிரைக்கு வேகம் கூடிக்கொண்டே போகிறது, தெரியுமா உனக்கு? பவுனு உயிரோடு இருந்தபோது அது நல்ல ஓட்டக்காரப் பெட்டைக் குதிரை, அவ்வளவுதான். இப்போது கேட்டால் அதற்கு இறக்கை இருந்தது என்று சத்தியம் பண்ண ஆள் இருக்கிறது. உனக்குத் துணையாக வண்டியில் தொற்றிக்கொண்டு வருவாரே மரியசூசை, அவர் வாய்தான் காரணம்.

போன மாதம் டீக்கடையில் என் காதுபடச் சொல்கிறார்: "டர்போ நல்ல குதிரைதான், இல்லைங்கல. ஆனா பவுனு மாதிரி வருமாப்பா? அருளப்பன் கொடிய வாங்கிட்டு வந்து, வண்டிய நிப்பாட்டி, ஒரு பீடியப் பத்த வச்ச பொறவுல்ல ரெண்டாஞ் சங்கு ஊதுச்சு!" உனக்குப் பீடி நாற்றமே ஆகாது. அடுத்த வருசம் உன்னை இட்லி சாப்பிடவே உட்கார வைத்துவிடுவார்.

உண்மையில் நடந்தது என்ன என்று எனக்கும் உனக்கும் தெரியும். நம் கோயில் திருவிழா வாரத்தில் குதிரை வண்டிப் பந்தயம். நூல் மில்லில் காலை முதல் சங்கு ஊதியதும் கோயில் வளைவிலிருந்து வண்டிகள் கிளம்பும். தாடிக்கொம்பு ரோட்டில் நாலாம் கல் வரைக்கும் போய், அங்கே நீட்டுகிற கொடியை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். ஷிப்டுக்கு ஆள் கூப்பிடுகிற இரண்டாம் சங்கு ஊதி ஓய்ந்த பிறகுதான் எந்த வண்டியும் வளைவுக்கு வந்து சேரும். ஒரே ஒரு வருசம் பவுனு முன்காலை வளைவுக்குள் வைத்தபோதுதான் இரண்டாம் சங்கு ஊத ஆரம்பித்தது. அதற்கு முன்னால் எந்தக் குதிரையும் அப்படி வந்ததில்லை. சங்கை ஜெயித்த குதிரை என்று அன்றைக்கே பேர் வைத்துவிட்டார்கள்.

அந்த வருசம் உனக்குக் கொடி கொடுத்தது நான். நாலாம் கல்லை ஒட்டின வயல் யாருடையதோ அந்த வீட்டுக்குத்தான் கொடி கொடுக்கிற உரிமை, அது என் மாமனார் காலத்து வழக்கம். என் வீட்டுக்காரர், அதான் உன் மச்சான், அம்மை போட்டு வேப்பிலையில் படுத்திருந்தார். பொம்பளை கொடி பிடிப்பதா என்று நாலு பேர் முனகினார்கள். நீதான் "எந்தங்கச்சி பிடிக்கட்டும், யாருக்கு நோவுது?" என்று கேட்டு வாயடைத்தாய்.

நம் கிணற்று மோட்டார் ரூம் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். ஒரு எட்டு முன்னால் கல். நீ திரும்புகிற வேகத்தில் புழுதி கண்ணை அடைக்கிறது, "ஏ புள்ள, கைய நீட்டு, கால உள்ள வைக்காத!" என்று கத்துகிறாய். கொடி கையைவிட்டுப் போனது எனக்குத் தெரியவே இல்லை. பவுனின் வியர்வை என் முகத்தில் தெறித்திருந்தது, அதைத்தான் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருசமே உன்னை மஞ்சள் காமாலை கொண்டுபோய்விட்டது. கல்யாணம் காட்சி என்று ஒன்றும் பார்க்காமல், குதிரை ஒன்றே கதி என்று இருந்துவிட்டுப் போனாய். பவுனும் உனக்குப் பின்னால் ரொம்ப நாள் இருக்கவில்லை. உனக்கென்று இந்த ஊரில் மிச்சம் இருப்பது அந்த ஒரு ஓட்டம்தான்.

இப்போது உன் மருமகன், நான் பெற்ற பிள்ளையின் கதைக்கு வருகிறேன். நீ போகும்போது பிரிட்டோ அரை டவுசர் போட்டுக்கொண்டு பவுனின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான், மீசை வைத்திருக்கிறான், ஒரு குதிரையும் வைத்திருக்கிறான். பேர் டர்போ. சிரிக்காதே. நம் காலத்தில் பவுனு, சிட்டு, ராணி என்று வைத்தோம். இப்போது டர்போ, ராக்கெட், புல்லட் என்றுதான் வைக்கிறார்கள். நல்ல கறுப்பு, நெற்றியில் மட்டும் விபூதி இட்ட மாதிரி ஒரு வெள்ளை. ஆளைப் பார்த்தால் மூக்கால் தோளை உரசும்.

நீ குதிரை பழக்கியதற்கும் இவன் பழக்குவதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. நீ கொள்ளை அவித்து, கையால் பிசைந்து, சூடு ஆறிவிட்டதா என்று வாயில் போட்டுப் பார்த்துத்தான் வைப்பாய். குடகனாற்று மணலில் கால் புதையப் புதைய நடக்க விடுவாய். ரோட்டில் முழு ஓட்டம் ஓட்டுவது பந்தயத்தன்று மட்டும்தான். வெயில் ஏறினால் ஓட்டவே மாட்டாய். சவுக்கு உன் வண்டியில் இருக்கும், ஆனால் அதை நீ தூக்கி நான் பார்த்ததில்லை.

இவன் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரன் எப்படிப் பழக்குகிறான் என்று பார்த்துவிட்டு வருவான். குதிரைக்கு ஓட்ஸ், குளுக்கோஸ், காலுக்குப் பட்டை, முதுகுக்குத் தைலம். செல்போனில் நேரம் வைத்து ஓட்டுவான். ஒருநாள் இதயத்துடிப்பு எண்ணுகிறேன் என்று டர்போவின் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு நின்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவனும் சவுக்கு எடுக்க மாட்டான் அண்ணே. அது மட்டும் உன் ரத்தம்.

யார் பெரியவர் என்று கேட்டால் என்ன சொல்ல? பவுனுடன் ஓடியவை பாதிக்குப் பாதி, முதல்நாள் வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் சவாரி இழுத்த குதிரைகள். டர்போவுடன் ஓடுபவை பந்தயத்துக்கென்றே வளர்த்தவை, லாரியில் ஏறி வருகின்றன. அந்தக் கணக்கில் டர்போதான் பெரிது. ஆனால் உன் வண்டி மர வண்டி, சக்கரத்துக்கு இரும்புப் பட்டை, அதைத் தூக்கி வைக்கவே இரண்டு ஆள் வேண்டும். பிரிட்டோ தானே பைப் வளைத்து, பேரிங் போட்டு, மொபெட் சக்கரம் மாட்டிய வண்டியை நான்கூட ஒரு கையால் இழுத்துவிடுவேன். அந்தக் கணக்கில் பவுனு. இப்படியே இரவெல்லாம் எனக்குள் வழக்காடிக்கொண்டிருக்கிறேன். தீர்ப்பு சொல்ல ஆள் இல்லை.

பிரிட்டோ போன இரண்டு வருசமும் முதல் பரிசு வாங்கினான். மாலை போட்டார்கள், வெடி போட்டார்கள். ஆனால் இரண்டு தடவையும் வளைவுக்கு வரும் முன்பே இரண்டாம் சங்கு ஊத ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச தூரத்தில்தான் தவறியது. பரிசு கொடுத்த மேடையிலேயே மைக்கில் "இருந்தாலும் நம்ம அருளப்பனோட பவுனு..." என்று ஆரம்பித்துவிட்டார்களாம். பிள்ளை பரிசுக் கோப்பையோடு வீட்டுக்கு வந்து, அதை வாளி மாதிரி மூலையில் வைத்தான்.

"உசுரோட இருக்கற எந்தக் குதிரையோடயும் மல்லுக்கட்டிருவேன்மா. செத்த குதிரைய எப்படி ஜெயிக்கிறது?" என்றான்.

இன்னொரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டான். "ரெண்டையும் கிட்டக்க இருந்து பாத்தவ நீ ஒருத்திதாம்மா. மரியசூசை தாத்தா ஆயிரஞ் சொல்லட்டும். நீ சொல்லு. எது பெருசு?"

"ரெண்டுக்கும் நாலு காலுதான்டா. வெஞ்சனத்தத் தொட்டுக்கிட்டுச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். ஒரு பக்கம் கூடப் பிறந்தவன், ஒரு பக்கம் நான் பெற்றவன். வாய் வருமா எனக்கு?

உனக்கு இன்னொன்று தெரியாது. தாடிக்கொம்பு ரோட்டை அகலப்படுத்தினார்கள். நம் வயலில் கிணற்றோடு சேர்த்து ஒரு துண்டு போய்விட்டது. மீதியை விற்றுவிட்டு டவுன் பக்கம் வந்துவிட்டோம். ரோட்டு வேலை நடந்த வருசங்களில் பந்தயம் இல்லை. மறுபடி ஆரம்பித்தபோது கொடி கொடுப்பதை விழாக் கமிட்டியே எடுத்துக்கொண்டது, விசில் ஊதிக் கொடுக்கிறார்கள். நாலாம் கல்லில்தான் திருப்பம், அதில் மாற்றமில்லை என்றார்கள். எனக்கும் அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. நீ போனதிலிருந்து பந்தயத்தன்று நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பூசைக்குப் போய், எல்லாம் முடிந்து வெடிச்சத்தம் கேட்கிற வரைக்கும் கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பேன்.

இந்த வருசமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் சங்கு ஊதியது. வெடிச்சத்தம் வரவில்லை. உன் மச்சான் செருப்போடு கோயிலுக்குள் ஓடி வந்தார். "ஸ்டெல்லா, வா. டர்போ விழுந்துருச்சு. பயலுக்கு ஒண்ணுமில்ல, குதிரைதான்" என்றார்.

டி.வி.எஸ். 50-இல் பின்னால் உட்கார்ந்து போகிறேன். இயேசுவே, மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டு போனவள், திறந்து பார்த்தால் நம் மோட்டார் ரூம். கூரை இல்லை, சுவர் மட்டும் ரோட்டோரம் நிற்கிறது. அந்தச் சுவரில்தான் நான் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். சரி, வந்துவிட்டோம் என்று காலைக் கீழே விடப் பார்க்கிறேன், வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது.

"ஏங்க, நிப்பாட்டுங்க. நாலாம் கல்லத் தாண்டிட்டமே?"

"கல்லு அந்தா இருக்குல்ல. கூட்டமும் அங்கனதான நிக்கிது."

"நம்ம கெணறு இங்கன இருக்கே?"

"இப்பக் கெணத்தைப் பத்திப் பேசற நேரமா? சும்மா உக்காரு."

மனிதர்கள் சின்னச் சின்னதாகத் தெரிகிற தூரம் அண்ணே. அவ்வளவு தூரம் தள்ளிப் போய்தான் வண்டியை நிறுத்தினார். புதுக் கல், மஞ்சளும் வெள்ளையும் அடித்து, நாலு என்று எழுதியிருக்கிறது. திரும்பும்போது டர்போவின் முன்னங்கால் தார் முடிகிற ஓரத்துச் சரளையில் சறுக்கி, வண்டியோடு மடங்கியிருக்கிறது. பிரிட்டோ ரோட்டிலேயே உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்திருந்தான். கொடி அவன் கையிலேயே இருந்தது. என்னைப் பார்த்ததும் "இந்தத் தடவ சங்குக்கு முந்தி வந்துருப்பேன்மா" என்றான். ஐயோ, அந்த நேரத்திலும் அதைத்தான் சொன்னான்.

மறுநாள் உன் மச்சானைக் கையோடு இழுத்துக்கொண்டு போனேன். அவரைப் புதுக் கல்லில் நிறுத்திவிட்டு, மோட்டார் ரூம் சுவருக்கு வந்து தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. கையை ஆட்டியதும் நடந்து வந்தார். வரும்போதே முகம் வெளுத்திருந்தது.

"அட ஆமா ஸ்டெல்லா. ரோடு போட்டப்ப பழைய கல்லெல்லாம் பிடுங்கிட்டு, பைபாஸ் பிரியிற எடத்துலருந்து புதுசா அளந்து நட்டானுக. நாலாம் கல்லுன்னா நாலாம் கல்லுதானன்னு எல்லாரும் அங்க போயிட்டோம். நாங்கூட யோசிக்கலியே."

ஊரே யோசிக்கவில்லை. கல்லில் நம்பர் இருக்கிறது, அதுவே போதும் என்று விட்டுவிட்டோம். கிளம்புகிற இடம் அதே கோயில் வளைவு, திரும்புகிற இடம் மட்டும் தள்ளிப் போயிருக்கிறது. உன் பவுனு ஒருநாளும் ஓடாத தூரத்தை டர்போ மூன்று வருசமாகச் சேர்த்து ஓடியிருக்கிறது. அப்படி ஓடியும் சங்குக்குக் கொஞ்சம்தான் பிந்தியது. பழைய கல்லில் திரும்பியிருந்தால் முதல் வருசமே சாவகாசமாக வந்து நின்றிருக்கும். கால் ஒடிந்த இடமும் பவுனு மிதிக்காத இடம்தான்.

"அவங்கிட்டச் சொல்லிறாதடி" என்றார் உன் மச்சான். "ஏற்கெனவே ஜெயிச்ச குதிரைய வீணா ஓட விட்டு ஒடிச்சுட்டோம்னு தெரிஞ்சா பய தாங்க மாட்டான்."

நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் குதிரைக் கொட்டகையில் நடப்பதைப் பார்த்தால் நீ மூட மாட்டாய்.

கால்நடை டாக்டர் வந்தார். நல்ல மனுசர், தொட்டுப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். "இது ஒட்டாது தம்பி. எலும்பு தூளாயிருச்சு. நிக்க வச்சு நிக்க வச்சு வேதனப்படுத்தாதீங்க. ஊசி போட்டா ஒரு நிமிசத்துல தூங்கிரும்" என்றார். பிரிட்டோ அவர் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டான். சாக்குகளைத் தைத்து, வயிற்றுக்கு அடியில் கொடுத்து, மேலே உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். டர்போ மூன்று காலில் நிற்கிறது. நிற்கிறது என்று சொல்வதுகூடப் பொய்.

ஒடிந்த கால் வீங்கி நாற்றம் அடிக்கிறது. தின்ன மாட்டேன் என்கிறது. முன்னெல்லாம் நான் போனால் மூக்கால் தோளை உரசும். இப்போது என்னைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்க்கிறது. பல்லைக் கடிக்கிற சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது அண்ணே. உலையை வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொள்கிறேன். இவன் பட்டறையைப் பூட்டிப்போட்டு அதன் காலடியிலேயே கிடக்கிறான்.

"டாக்டரைக் கூப்பிடுவோம் அப்பு" என்று நேற்றுக் கெஞ்சினேன்.

"கூப்பிட்டா ஊருல என்ன சொல்லுவாங்க? பவுன ஜெயிக்கப் போயி காலொடிஞ்சு செத்த குதிரைம்பாங்க. தோத்த குதிரைன்னு இதப் பொதைக்க மாட்டேன்மா. இது எந்திரிக்கும். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ சங்குக்கு முந்தி வரட்டும். பொறவு போகட்டும்."

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அது ஜெயித்த குதிரைதான்டா என்று சொல்லிவிட்டால் அதை விட்டுவிடுவான், டாக்டரை வரச் சொல்வான். ஆனால் சொன்ன அடுத்த நொடியே கேட்பானே, "அப்ப இந்த வருசம் எதுக்கும்மா ஓட்டுனேன்?" என்று. சொன்னால் பிள்ளை நொறுங்குவான். சொல்லாவிட்டால் அந்த வாயில்லா சீவன் தொங்கிக்கொண்டே சாகும். எந்தப் பக்கம் போனாலும் என் கையில் ஒன்றும் இல்லை. உன்னிடம் வந்து முட்டிக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்?

இன்னொன்றும் இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். சொன்னால் நீ தோற்றுப்போவாய். பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லாமல் போனாய். டீக்கடையில் உன் பேர் ஓடுவதே அந்தச் சங்கால்தான். அதையும் நானே பிடுங்கிக்கொண்டுபோய் என் பிள்ளைக்குக் கொடுப்பதா என்றுதான் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்.

உன்னையே கேட்டுப் பார்த்தேன். பவுனுக்கு ஒருநாள் வயிற்றுவலி வந்து புரண்டபோது நீ பட்ட பாடு ஞாபகம் வந்தது. "ஏ புள்ள, இதுக்குப் பதிலா எனக்கு வரக்கூடாதா?" என்று தரையில் உட்கார்ந்து அழுதாயே. அந்த ஆளிடம் போய், உன் பேரா அந்தக் குதிரையின் வலியா என்று கேட்டால் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் இவ்வளவு பக்கம் எழுதிவிட்டேன், பார்.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக்குக் காலையில் முதல் சங்கு ஊதியதும் பிரிட்டோவைக் கையைப் பிடித்து அந்த மோட்டார் ரூம் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அன்றைக்கு நின்ற மாதிரியே முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பேன். "உங்க மாமனுக்கு நான் கொடி குடுத்தது இங்கனதான்டா" என்பேன். அப்புறம் புதுக் கல்லைக் காட்டுவேன். அழுவான். என்னை அடிக்க வந்தாலும் வரட்டும். டாக்டரை வாசலிலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் முடிந்த பிறகு டீக்கடைக்குப் போய், மரியசூசை முகத்துக்கு நேராக, ரெண்டையும் பார்த்தவள் சொல்கிறேன், டர்போதான் பெருசு என்று சொல்வேன்.

உன் வண்டி எவ்வளவு கனம் என்று மட்டும் அவனிடம் சொல்ல மாட்டேன். இரண்டு ஆள் தூக்குகிற மர வண்டியை இழுத்துக்கொண்டுதான் பவுனு வந்தது என்பது எனக்கும் உனக்கும் தெரியும். அது நம்மோடு போகட்டும்.

கல்லறைத் திருநாளன்று அவனையும் கூட்டிக்கொண்டு வாரேன். ஜெயித்தவனாக உன் முன்னால் வந்து நிற்கட்டும். நீ ஒன்றும் சொல்லிவிடாதே அண்ணே.

உனக்கு நாலாம் கல்லில் கொடி நீட்டிய,
உன் கூடப் பிறந்த தங்கச்சி
ஸ்டெல்லா